பூஜைக்கு அணைத்த சர்வர்

2025 அக்டோபர் 2, வியாழக்கிழமை, விஜயதசமி. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் உள்ள ஒரு தனியார் ஸ்கேன் மையத்தின் சர்வர் காலையில் மீண்டும் இயக்கப்பட்டது. அதற்கு முன் ஒன்றரை நாள் அது அணைக்கப்பட்டிருந்தது. நிறுவப்பட்ட ஆறு ஆண்டுகளில் அது அணைந்தது அதுவே முதல் முறை.

இயக்கியவன் ராஜ்குமார். மையத்தின் கணினிகள் அவன் பொறுப்பு. சர்வர் அறை என்று சொல்லப்பட்டது எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் இருந்த ஓர் இடுக்கு. ஏசி மட்டும் நல்ல ஏசி. பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. மேலே ஒரு முழம் கதம்பம் வாடிக் கிடந்தது. அவன் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டு, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டான்.

மற்ற ஆண்டுகளில் ஆயுத பூஜை என்றால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கே ஒரு பொட்டு வைப்பார்கள். ஸ்கேன் இயந்திரங்களையும் எக்ஸ்ரே இயந்திரத்தையும் துடைத்து அணைத்து, பொரிகடலை வைத்து, கற்பூரம் காட்டி, மறுநாள் வரை தொடாமல் விடுவார்கள். சர்வருக்கு மட்டும் ஓய்வு கிடையாது. கரண்ட் போனாலும் யுபிஎஸ் தாங்கிவிடும். இந்த ஆண்டு அதையும் நிறுத்தி வைத்தது ராஜ்குமாரின் முடிவு. அவன் மனைவி பூர்ணிமா கேட்டுக்கொண்டதால் எடுத்த முடிவு.

ஆகஸ்டில் அவர்களுடைய பெண் குழந்தை ஏழாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. திருக்காட்டுப்பள்ளியில், பூர்ணிமாவின் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் அடக்கம் செய்தார்கள். ஸ்கேன் மையம் கொடுத்திருந்த கறுப்பு வெள்ளைப் படத்தையும் குழந்தையைச் சுற்றிய துணிக்குள் வைத்தாள் பூர்ணிமா. யாரும் தடுக்கவில்லை. அதன் பிறகு அவள் அம்மா வீட்டிலேயே இருந்தாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் போனில் சொன்னாள்.

"போன வருஷம் பூஜைக்கு எல்லாத்தையும் நிறுத்துனீங்களா?"

"சர்வரைத் தவிர."

"அதான் ஓடிக்கிட்டே இருந்துச்சா?"

"அது எப்பவும் ஓடும் பூர்ணி."

"இந்த வருஷமாவது எல்லாத்தையும் நிறுத்தி வச்சு ஒழுங்கா கும்பிடுங்க."

அதற்கும் ஆகஸ்டில் நடந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் அவளும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். செப்டம்பர் 30 சாயங்காலம், கடைசி நோயாளி போன பிறகு, சர்வரை முறைப்படி அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, உள்ளே சேர்ந்திருந்த தூசியை ஊதி எடுத்தான். மேலாளர் துரைக்கண்ணு வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, இவ்வளவு பக்தி? நீங்க சாமி ரூமுக்குள்ளயே போக மாட்டீங்களே."

"சுத்தமா செய்யலாம்னுதான் சார்."

"செய்ங்க, செய்ங்க. வியாழக்கிழமை ஒம்பது மணிக்கு ஆளுங்க வந்துடுவாங்க. அதுக்குள்ள எழுப்பிடுங்க."

சந்தனம் வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பூர்ணிமாவின் போன் வந்தது. கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் பக்கத்து வயலில் குறுவை அறுப்பு நின்றுபோனதைப் பற்றியும் பேசினாள். பிறகு கேட்டாள்.

"லத்தீஃபா டாக்டர் எடுத்தாங்களே, நெஞ்சுத் துடிப்பு. அது இருக்கா?"

ஜூலையில் மையத்தின் டாக்டர் லத்தீஃபா ஸ்கேன் செய்தபோது, நம்ம ஆபீஸ் குழந்தை என்று சொல்லி, இதயத் துடிப்பைப் படமும் சத்தமுமாகக் கொஞ்ச நேரம் பதிவு செய்தார். பூர்ணிமா அன்றைக்கு வெட்கப்பட்டுக்கொண்டு, குழந்தை வந்த பிறகு கேட்கிறேன் என்றாள். ஆகஸ்டுக்குப் பிறகு, அதை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, போனில்கூட வைத்திருக்கக் கூடாது என்றாள். அவன் வைத்துக்கொள்ளவில்லை. சர்வரில் மட்டும் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இடுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி அவன் அதைக் கேட்பான். பூர்ணிமாவுக்கு அது தெரியாது.

"இருக்கு," என்றான்.

"நான் கேக்கணும்."

"இப்பத்தான் சந்தனம் வச்சேன். பரவால்ல, போட்டு எடுத்துடறேன்."

"வேணாங்க. வச்சாச்சுன்னா எடுக்கக் கூடாது. விஜயதசமி அன்னிக்கு எடுத்துக்கிட்டு வாங்க. நல்ல நாள்."

"சரி."

"கண்டிப்பா இருக்குல்ல?"

"இருக்குடி."

விஜயதசமி காலையில் சர்வரின் விசிறிகள் சுற்றின. விளக்குகள் எரிந்தன. திரையில் தேதி 2016 ஜனவரி 1 என்று வந்தது. மையத்தின் வேலை எதுவும் எழவில்லை.

அந்தப் பெட்டி பார்ப்பதற்கு ஒன்று. உள்ளே நான்கு கணினிகள் தனித்தனியாக ஓடின. ஒன்று பதிவுக்கு, ஒன்று பில்லுக்கு, ஒன்று ரிப்போர்ட்டுக்கு, ஒன்று படங்களைச் சேமிப்பதற்கு. நிஜத்தில் இல்லாத, மென்பொருளால் உண்டாக்கிய கணினிகள். இப்படி அமைத்தவர் ஜாஃபர் சாதிக். கீழ்வேளூர்க்காரர். ராஜ்குமாருக்கு முன்பு இதே வேலையில் இருந்து, இப்போது ஷார்ஜாவில் ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறார். வேலையை ஒப்படைத்த அன்று, "ஒரே வீட்டுல நாலு குடித்தனம்டா. ஒருத்தருக்கு ஒருத்தர் சண்டை வராம வீட்டுக்காரன் பாத்துக்குவான்" என்று விளக்கியிருந்தார். வீட்டுக்காரன் என்றது சர்வரின் பிராசசரை.

நிர்வாகிகள் பார்ப்பதற்கென்று ஒரு பக்கத்தையும் அவர் எழுதி வைத்திருந்தார். பிராசசர் எது, எத்தனை கோர், நான்கு குடித்தனத்தைத் தாங்கும் வசதி அதில் உண்டா, அந்த வசதி இயங்குகிறதா, நான்கும் ஓடுகின்றனவா என்று அந்தப் பக்கம் காட்டும். சரியாக இருந்தால் வரி பச்சையில் வரும், இல்லாவிட்டால் சிவப்பில். துரைக்கண்ணுவுக்கும் அதைத் திறக்க அனுமதி உண்டு. தினமும் காலையில் காபி குடித்துக்கொண்டே திறந்து, பச்சையா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார். டிஸ்க்குகளைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரியும் கிடையாது. ஜாஃபர் அதைப் பிறகு சேர்ப்பதாக இருந்தார். அதற்குள் விசா வந்துவிட்டது.

ராஜ்குமார் அவருக்கு வாட்ஸப்பில் அழைத்தான். ஷார்ஜாவில் அப்போதுதான் விடிந்திருந்தது.

"அண்ணே, நாலும் எந்திரிக்கல."

"கரண்ட் போச்சா?"

"இல்லண்ணே. பூஜைக்கு அணைச்சு வச்சோம்."

எதிர்முனையில் சிரிப்பு.

"ஆறு வருஷமா தூங்காத ஆளைப் படுக்க வச்சுட்டு, இப்ப எந்திரிக்கலன்னா எப்பிடிடா? பொட்டு வச்சா பத்தாதா? பிளக்கையும் பிடுங்கணுமா?"

"வீட்டுல சொன்னாங்கண்ணே."

ஜாஃபரின் சிரிப்பு நின்றது. ஆகஸ்டில் நடந்தது அவருக்குத் தெரியும்.

"சரி விடு. என் பக்கத்தைத் திற. என்ன காட்டுதுன்னு படி."

"பிராசசர், ஜியான், பேரெல்லாம் சரியா இருக்கு. எட்டு கோர். பச்சை. வசதி உண்டு, பச்சை. அதுக்குக் கீழ, இயங்கவில்லை. சிவப்பு."

"தேதி என்ன காட்டுச்சு?"

"ரெண்டாயிரத்துப் பதினாறு."

"அவ்வளவுதான். மதர்போர்டுல ஒரு பொத்தான் பாட்டரி இருக்குல்ல, அது செத்துப்போச்சு. கரண்ட் இருந்தவரைக்கும் தெரியல. நீ பிளக்கைப் பிடுங்கவும் நான் செட் பண்ணி வச்சதெல்லாம் மறந்துட்டான். புதுப் பெட்டி மாதிரி முழிக்கிறான். குடித்தனம் வைக்கிறதுக்குச் சம்மதமான்னு மறுபடியும் கேட்டு ஆமான்னு வைக்கணும்."

அணைத்து, மீண்டும் இயக்கி, செட்டிங் பக்கத்துக்குள் போய், ஜாஃபர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ராஜ்குமார் அந்த வசதியைத் தேடி இயங்கும்படி மாற்றினான். தேதியைத் திருத்தினான்.

"சேவ் பண்ணிட்டு வா. ஆனா ஒண்ணு. டிஸ்க் செட்டிங்கும் மறந்திருப்பான். அதை நான் கூட இருக்கும்போது பாக்கலாம். இப்ப எனக்கு டூட்டி. ஹாலுக்குள்ள போன் கொண்டுபோக முடியாது. டீ பிரேக்ல கூப்பிடறேன். அதுவரைக்கும் டிஸ்க் பத்தி எது கேட்டாலும் தொடாத. என்ன?"

"சரிண்ணே."

"பூர்ணிமா எப்படி இருக்கு?"

"சாயங்காலம் போறேன் அண்ணே."

சர்வர் எழுந்தது. ராஜ்குமார் பக்கத்தைத் திறந்தான். பிராசசர், பச்சை. வசதி, பச்சை. இயங்குகிறது, பச்சை. பதிவு, பில், ரிப்போர்ட், படங்கள் என்று நான்கு பெயர்களும் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. அவன் நாற்காலியில் சாய்ந்தான். வெளியே கதவு திறக்கும் சத்தமும், நாற்காலிகள் நகரும் சத்தமும், கர்ப்பிணிப் பெண் ஒருத்தி தண்ணீர் எங்கே என்று கேட்கும் சத்தமும் வந்தன.

துரைக்கண்ணு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பச்சையா?"

"பச்சை சார். பாருங்க."

அவர் பார்த்தார். திருப்திப்பட்டார். பிறகு பக்கத்தில் இருந்த, சர்வரோடு நேராக இணைத்த சின்ன மானிட்டரைக் காட்டினார்.

"அதுல ஏதோ கேக்குதே, தம்பி."

இணை டிஸ்க் பொருந்தவில்லை, முதல் டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கவா என்று அதில் கேட்டிருந்தது. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

"அது டிஸ்க்கு சார். ரெண்டு டிஸ்க்குல ஒரே விஷயத்தை எழுதும். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்ல, அதுக்கு. ஜாஃபர் அண்ணன் பிரேக்ல கூப்பிட்டுப் பாக்குறேன்னாரு."

"அதுவரைக்கும் ஒரு டிஸ்க்குல ஓடுமா? இன்னிக்குப் பாத்து அது போச்சுன்னா? பூஜை போட்ட அன்னிக்கே படுத்துச்சுன்னா டாக்டரம்மா என்னைத்தான் கேப்பாங்க."

ராஜ்குமார் யோசித்தான். அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான், வேறொரு காரணத்துக்காக. சேமித்த படங்களை வெளி டிஸ்க்கில் எடுத்து வைக்கும் ஏற்பாடு ஜனவரியிலேயே நின்றுவிட்டது. அந்த டிஸ்க் நிரம்பிவிட்டது. புதிது இன்னும் வாங்கவில்லை. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் இந்த ஒன்று பழுதானால் பூர்ணிமாவுக்குக் கொண்டுபோக எதுவும் இருக்காது. முதல் டிஸ்க்கிலிருந்துதான் எல்லாம் ஓடுகிறது. எல்லாம் பச்சையாக இருக்கிறது. அப்படியானால் முதல் டிஸ்க் சரியானது.

"ஜோடி சேத்துடலாம் சார்," என்றான்.

ஆம் என்பதை அழுத்தினான். ஒரு நீலப் பட்டை மெல்ல நகர ஆரம்பித்தது.

அதன் பிறகுதான் வரவேற்புக்குப் பின்னால் இருந்த தன் மேசைக்கு வந்து, பதிவுக் கணினியில் தன் மனைவியின் பெயரை அடித்தான். பென் டிரைவ் தயாராகச் செருகியிருந்தது. பூர்ணிமா ராஜ்குமார் என்று அடித்துத் தேடினான். அந்தப் பெயரில் நோயாளி யாரும் இல்லை என்று வந்தது. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று மறுபடி அடித்தான். வெறும் பூர்ணிமா என்று அடித்தான். திருவையாற்றிலிருந்து ஒரு பூர்ணிமா, வயது ஐம்பத்தொன்று, வயிற்று வலி, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வந்தவர்.

வரவேற்பில் இருந்த நுஸைபா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்.

"ராஜ் அண்ணே, போன வாரம் வந்த அக்கா, ரெண்டாவது ஸ்கேனுக்கு வந்திருக்காங்க. பேரே இல்லைங்குது."

"வேற யாரையாவது தேடிப் பாரும்மா. போன மாசம் வந்தவங்க யாரையாவது."

"போன மாசமா? மார்ச்சுக்கு அப்புறம் யாருமே இல்லண்ணே. மார்ச் பதினொண்ணோட நிக்குது."

அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் மோதியது. இடுக்குக்குள் ஓடினான். நீலப் பட்டை பாதியைத் தாண்டியிருந்தது. நிறுத்து என்று ஒரு கட்டமும் அந்தத் திரையில் இல்லை. குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். விசிறிகள் ஓய்ந்தன. வெளியே எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் நின்றன. துரைக்கண்ணு "என்ன தம்பி, என்ன தம்பி" என்றபடி வந்தார்.

டீ பிரேக்கில் ஜாஃபர் அழைத்தபோது ராஜ்குமார் தரையில் உட்கார்ந்திருந்தான். நடந்ததைச் சொன்னான்.

"ஒரு டிஸ்க்கு மார்ச்லயே ஜோடியிலேருந்து கழண்டுக்கிச்சு," என்றார் ஜாஃபர். "அது முதல் டிஸ்க்கு. நீங்க யாரும் பாக்கல. பாக்குறதுக்கு நான் வரி வைக்கல. அப்போலேருந்து ரெண்டாவதுலதான் எல்லாம் ஓடிச்சு. பாட்டரி போனதும் எது எதுன்னு மறந்துட்டு, முதல்லேருந்து எந்திரிச்சுட்டான்."

"மார்ச்சுல இருந்ததை எடுத்து..."

"ஆமா. ரெண்டாவதுல புதுசா இருந்ததுமேல எழுதிட்டான்."

"பாதிதாண்ணே ஓடுச்சு. நான் பிடுங்கிட்டேன்."

"எந்தப் பாதின்னு தெரியாதே."

"அண்ணே, அதுலதான் பாப்பாவோட சத்தம் இருக்கு."

ஜாஃபருக்குப் பின்னால் யாரோ இந்தியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். "ரெண்டு டிஸ்க்கையும் வெளிய எடுத்து வை. இனி மின்சாரமே காட்டாத. சென்னைல எனக்குத் தெரிஞ்ச ஒரு கம்பெனி இருக்கு, நம்பர் அனுப்புறேன்," என்றார். பிறகு, "நான் இன்னும் பத்து நிமிஷம் இருந்திருக்கணும்டா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மையம் அன்று நோட்டில் எழுதி நடந்தது. துரைக்கண்ணு திட்டவில்லை. மதியம் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து இடுக்கின் வாசலில் வைத்தார். சாயங்காலம், "நீங்க கெளம்புங்க தம்பி. ஊருல பாத்துக்கிட்டு இருப்பாங்க," என்றார். நகலெடுக்க அவசரப்படுத்தியது தான்தான் என்பது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

திருக்காட்டுப்பள்ளி பஸ் மெதுவாகத்தான் போனது. சாலையின் ஒரு பாதியில் நனைந்த குறுவை நெல்லைப் பரப்பியிருந்தார்கள். வெயில் போகப் போகப் பெண்கள் அதைக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "நெல்லுமேல ஏத்தாதண்ணே" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

பூர்ணிமா குளித்து, தலை வாரி, ஆகஸ்டுக்குப் பிறகு முதல் முறையாகப் பொட்டு வைத்திருந்தாள். கூடத்தில் மேசைமேல் அவளுடைய பழைய லேப்டாப் திறந்து இருந்தது. அவள் அம்மா பிரகதாம்பாள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, காபி போடுகிறேன் என்று உள்ளே போனார்.

"கொண்டாந்தீங்களா?"

அவன் நின்றபடியே சொன்னான். பாட்டரி, டிஸ்க், மார்ச், ஆம் என்று அழுத்தியது, எல்லாவற்றையும். பிராசசர் என்ற சொல்லைச் சொல்லும்போது தான் ஏன் இதை இவளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. கடைசி வரைக்கும் சொன்னான்.

"நான்தான நிறுத்தி வைக்கச் சொன்னேன்," என்றாள் பூர்ணிமா.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. பாட்டரி என்னிக்கா இருந்தாலும் போயிருக்கும். நான் அழுத்தியிருக்கக் கூடாது."

"நான் அன்னிக்கே கேட்டிருக்கலாம். டாக்டர் கேக்குறியான்னாங்க."

"பூர்ணி."

"வீட்டுக்குக் கொண்டாராதீங்கன்னும் நான்தான் சொன்னேன்."

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் லேப்டாப்பை மூடினாள். தெருவில் ஒரு டிராக்டர் போனது.

"நீங்க கேட்டிருக்கீங்களா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி நினைத்தான்.

"கேட்டிருக்கேன்."

"எத்தனை தடவை?"

"தினமும்."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தான். அவள் கோபப்படவில்லை.

"எப்படி இருக்கும்?"

அவன் ஒரு விரலால் மேசையில் தட்டிக் காட்டினான். மெதுவாக வந்தது. அது இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, இரண்டு விரல்களை வைத்து வேகமாகத் தட்டினான்.

"அவ்வளவு வேகமாவா?"

"ஆமா. குழந்தைங்களுக்கு அப்படித்தான் இருக்கும். நடுவுல தண்ணி அலசுற மாதிரி ஒரு சத்தம் வரும்."

"இன்னும் கொஞ்சம் தட்டுங்க."

தட்டினான். கொஞ்ச நேரத்தில் விரல்கள் தடுமாறின. அவள் தன் கையை அவன் கைமேல் வைத்து நிறுத்தினாள். பிறகு முகத்தை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். பிரகதாம்பாள் இரண்டு டம்ளர் காபியோடு வந்து, அடுக்களை வாசலில் நின்று, அப்படியே திரும்பிப் போனார்.

மறுநாள் ராஜ்குமார் இரண்டு டிஸ்க்குகளையும் பஞ்சு வைத்துக் கட்டிச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பினான். அந்த நிறுவனம் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டது. மார்ச் முதல் செப்டம்பர் வரையிலான படங்களில் ஒரு பகுதியை மீட்டுத் தந்தது. மீண்டவை பெரும்பாலும் முழங்கால், முதுகு, வயிறு. கர்ப்ப ஸ்கேன்கள் இருந்த பகுதி முழுவதும் மேலெழுதப்பட்டுவிட்டதால் அதை மீட்க வழியில்லை என்று எழுதியிருந்தார்கள்.